ஜமக்காளத்தைச் சுருட்டி வைத்த திருடன்

மொட்டைமாடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, உடைந்த கண்ணாடிச் சட்டத்தின் வழியாக ரசாக் கீழே எட்டிப் பார்த்தான். ஹாலின் நடுவில் நின்ற வரலட்சுமியின் வகிடு நேராகத் தெரிந்தது.

"மேடம், இது வழியா இறங்கினவன் சர்க்கஸ்ல இருந்திருக்கணும். இல்லேன்னா ரெண்டு வாரமா பட்டினி கிடந்திருக்கணும்."

"நீ ஒருதடவை இறங்கிக் காட்டு."

"இப்பத்தானுங்க டிபன் ஆச்சு," என்று சொல்லி ரசாக் தலையை வெளியே இழுத்துக்கொண்டான்.

பீளமேட்டில் காளிச்சாமி புதிதாகக் கட்டிய வீடு அது. காங்கயத்தில் இரண்டு தேங்காயெண்ணெய் மில் வைத்திருக்கும் மனுஷர். கோயமுத்தூரில் ஒரு பங்களா கட்டியாக வேண்டும் என்று பிடிவாதமாகக் கட்டினார். கட்டியதில் அவருக்கு ரொம்பப் பெருமை, ஹாலின் உச்சியில் இருந்த ஸ்கைலைட்டில்தான். எட்டுக் கண்ணாடிகள் சாய்ந்து நின்று உச்சியில் ஒன்றாகச் சேரும். காளிச்சாமி அதைக் கண்ணாடிக் கோபுரம் என்பார். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தார்கள்.

அந்தக் கோபுரத்தில் ஒரு கண்ணாடியைத்தான் யாரோ உடைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காளிச்சாமி காங்கயத்தில் மில்லிலேயே தங்கிவிட்டார். அவர் மனைவி தெய்வாத்தாள் மத்தியானம் பஸ் ஏறி மேட்டுப்பாளையத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை காலையில் இருவரும் வந்து பூட்டைத் திறந்தால் ஹாலெல்லாம் கண்ணாடி. பீரோ திறந்து கிடந்தது. தெய்வாத்தாளின் காசுமாலையைக் காணவில்லை.

போலீஸ் மத்தியானத்துக்குள் ஆளைப் பிடித்துவிட்டது. அந்தக் கண்ணாடிகளைப் பொருத்திய அப்புசாமி. எந்தக் கண்ணாடியைத் தட்டினால் எது விழும் என்று அவனுக்குத்தான் தெரியும் என்றார் எஸ்.ஐ. அந்தக் கணக்கில் பார்த்தால், ஊரில் எந்த வீட்டுப் பூட்டு உடைந்தாலும் அலிகார் பூட்டுக் கம்பெனிக்காரனைத்தான் பிடிக்க வேண்டும் என்று ரசாக் நினைத்தான். ஆனால் இரண்டு நாள் லாக்கப்பில் வைத்தும் அப்புசாமியிடமிருந்து மாலை வரவில்லை. அதனால்தான் காளிச்சாமி வரலட்சுமியைக் கூப்பிட்டார்.

வரலட்சுமி முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரிந்த பஞ்சு மூட்டைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் நேரில் போய்ப் பார்த்து, எது தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று சொல்வது வேலை. அந்த வேலையை விட்டுவிட்டுக் காந்திபுரத்தில் ஒரு மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினாள். ரசாக் அதற்கு முன் டவுன்ஹால் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தவன். பொய்ப் பெயர் சொல்கிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பான். வாயை மட்டும் சும்மா வைத்துக்கொண்டு இருக்க மாட்டான்.

கீழே இறங்கப் போனவன் காலில் ஏதோ நறுக்கென்றது. செருப்பில் ஒரு கண்ணாடிச் சில் குத்தியிருந்தது. கத்தி மாதிரி நீளமான சில். குனிந்து பார்த்தால் மாடித் தரையில் இன்னும் நாலைந்து கிடந்தன. எல்லாவற்றையும் கைக்குட்டையில் எடுத்துக்கொண்டு கீழே வந்து வரலட்சுமியிடம் காட்டினான்.

அவள் அதைப் பார்த்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். ஹாலைச் சுற்றி நடந்தாள். சோபாக்கள் சுவரை ஒட்டி நின்றன. மூலையில் பெரிய பவானி ஜமக்காளம் சுருட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வரலட்சுமி அதைப் பாதி விரித்து உள்ளங்கையால் தடவினாள். கையில் ஒரு கண்ணாடிப் பொடிகூட ஒட்டவில்லை. அப்புறம் வெள்ளை மார்பிள் தரையைப் பார்த்தாள். கோபுரத்துக்கு நேர்கீழே, மங்கலாக மூன்று வட்டங்கள் தெரிந்தன.

வட்டங்கள் எதனால் வந்தன என்று கேட்டதற்குக் காளிச்சாமி பூந்தொட்டி வைத்திருந்ததாகச் சொன்னார். ஜமக்காளத்தைப் பற்றிக் கேட்டதற்கு, துவைக்கிறதுக்காக எடுத்து வைத்ததுங்க என்றாள் தெய்வாத்தாள். இதைச் சொல்லும்போது அவள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழை பெஞ்சா ஒழுகுமுங்களா இது?" என்றாள் வரலட்சுமி.

"ஒரு சொட்டு எறங்காதுங்க அம்மணி," என்றார் காளிச்சாமி, கேள்வி முடிவதற்குள். "எங்க சம்பந்தி போட்டுக் குடுத்ததுங்க. யானை ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாருங்க."

யானை வராதது அவர் அதிர்ஷ்டம் என்று ரசாக்குக்குச் சொல்ல வாய் வந்தது. தெய்வாத்தாளின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான். நகை போன வீட்டில் பெண்கள் அழுவார்கள், அல்லது யாரையாவது திட்டுவார்கள். இந்த அம்மா இரண்டும் செய்யவில்லை. அப்புசாமியின் பெயர் வந்தபோது மட்டும் எழுந்து சமையலறைக்குள் போனாள்.

சம்பந்தியின் பெயர் பொங்கியண்ணன். காளிச்சாமியின் ஒரே மகள் பூங்கோதையை அவர் பையனுக்குக் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. நூறடி ரோட்டில் கண்ணாடிக்கடை. வரலட்சுமி அங்கே தன்னை யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. வீடு கட்டுகிறோம், ஹாலுக்கு வெளிச்சம் வேண்டும், ஒரு நல்ல ஸ்கைலைட் போடலாம் என்றிருக்கிறோம் என்றாள். ரசாக்கை மேஸ்திரி என்று அறிமுகப்படுத்தினாள். ரசாக் காதில் பென்சில் செருகிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தான்.

பொங்கியண்ணன் இளநீர் வாங்கிவரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ரசாக் ஒரு மோசடிக்காரரை எதிர்பார்த்து வந்திருந்தான். மனுஷர் பேசப் பேச அந்த எண்ணம் கரைந்துகொண்டே போனது.

தலைக்கு மேலே வைக்கிற கண்ணாடி ஜன்னல் கண்ணாடி மாதிரி இல்லை என்று ஆரம்பித்தார். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாக விழும். சூடேற்றிப் பதப்படுத்திய கண்ணாடி கற்கண்டு மாதிரி உதிரும். அதுவும் தலையில் கொட்டினால் நல்லதில்லை. கூரைக்கு ஏற்றது இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு படலம் வைத்து ஒட்டியது. காரின் முன்கண்ணாடி அப்படித்தான். ஒரு துண்டை மேஜைமேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். சிலந்தி வலை மாதிரிக் கீறல் விட்டதே தவிர, ஒரு பொடி கீழே விழவில்லை.

"கண்ணாடி பாதிதானுங்க," என்றார். "மீதி அதை உட்கார வைக்கிறதுல இருக்குது. மாடித் தரை மட்டத்துல வெச்சா மழைத்தண்ணி நேரா ஊட்டுக்குள்ள வந்துரும். சுத்தியும் ஒரு முழம் சுவர் எழுப்பி, அதுமேல உட்கார வெக்கோணும். நல்லாச் சாய்வு குடுக்கோணும். சேருற எடத்துல அலுமினியத் தகடு மடிச்சு விடோணும். இடுக்குல அப்புற புட்டிப் பசையை மட்டும் நம்புனா ஒரு வெயிலு, ஒரு மழைதானுங்க. அப்பறம், உச்சியில சூடு போறதுக்குச் சந்து உடோணும். இல்லேன்னா சித்திரையில ஹாலுல கொப்பரை காயப் போடலாமுங்க."

ரசாக் மேஸ்திரி என்ற ஹோதாவில் தலையாட்டினான். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் காளிச்சாமி வீட்டு மாடி மனதில் வந்து போனது. அங்கே ஒரு முழம் சுவர் இல்லை. தகடு இல்லை. சந்து இல்லை. வெடித்துப்போன புட்டியும், கைக்குட்டையில் சுற்றிய கத்திச் சில்லும்தான் இருந்தன.

"பீளமேட்டுல எண்ணெய் மில்காரர் வீட்டுல ஒண்ணு பார்த்தோமுங்க," என்றாள் வரலட்சுமி. "அதே மாதிரி போட்டுட்டாப் போதும்."

பொங்கியண்ணன் சுத்தியலை மேஜையில் வைத்தார். இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர் குழாயை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"அது மாதிரி வேண்டாமுங்க," என்றார். ஏன் என்று கேட்பதற்குள் எழுந்து கடைக்கு உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்ததும் ரசாக் தீர்ப்பு எழுதிவிட்டான். சம்பந்திக்கே மட்டமான சரக்கை மாட்டிவிட்டிருக்கிறார், அது வெளியே தெரிவதற்குள் ஆளை வைத்து உடைத்துவிட்டார் என்றான். வரலட்சுமி ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாள்.

"அப்போ காசுமாலை?"

"கூலிங்க மேடம். உடைக்க வந்தவனுக்குக் கூலி."

"சில் எங்கே கிடந்துது ரசாக்?"

"மாடியில."

"மேலே நின்னு அடிச்சா எல்லாம் கீழேதானே போகணும்?"

ரசாக் கைக்குட்டையைப் பிரித்து அந்தக் கத்திச் சில்லை மறுபடி பார்த்தான்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அப்புசாமியின் மனைவி பழனியாத்தாள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக அங்கேயேதான். உள்ளே போன ரசாக் முதலில் பார்த்தது அப்புசாமியை அல்ல, எவர்சில்வர் டிபன் கேரியரைத்தான். முதல் அடுக்கில் அரிசியும்பருப்புச் சாதம், நெய் மிதந்தது. அடுத்ததில் கத்தரிக்காய்ப் பொரியல். அதற்கு அடுத்ததில் கெட்டித் தயிர். லாக்கப் கம்பிக்குப் பின்னால் இருந்த ஆள் அதை வைத்துக்கொண்டு விழிக்க, எஸ்.ஐ. வெளியே ஆறிப்போன இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

குற்றவாளிக்கு இப்படியொரு உபசாரம் இருக்கும் என்று தெரிந்திருந்தால் தானே ஒப்புக்கொண்டிருப்பேன் என்று ரசாக் எஸ்.ஐ.யிடம் சொன்னான். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. ரெண்டு நாளா ரெண்டு வேளையும் இப்படித்தாங்க வருது என்று எரிச்சலோடு சொன்னார்.

வரலட்சுமி பழனியாத்தாளிடம் போய் உட்கார்ந்து, சமையல் நன்றாக இருக்கிறதே என்றாள். பழனியாத்தாள் அவளை வினோதமாகப் பார்த்தாள்.

"நான் அடுப்பே பத்த வெக்கலீங்க. யாரோ காருல குடுத்தனுப்புறாங்க. எங்களுக்கு யாராச்சும் வக்கீலு வெச்சு, அவரு அனுப்புறாரோ என்னமோன்னு நெனச்சேன்."

வரலட்சுமி திரும்பி வந்து கேரியரின் மூடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நம் ஊர்ப் பாத்திரங்களுக்கு ஒரு கெட்ட வழக்கம், பெயர் வெட்டாமல் கடையை விட்டு வெளியே வருவதில்லை. மூடியின் விளிம்பில் பொடிப் புள்ளிகளாக வெட்டியிருந்தது: காங்கயம் கா. தெய்வாத்தாள்.

ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு வரலட்சுமி டீ வாங்கிக் கொடுத்தாள். ரசாக்கையே சொல்லச் சொன்னாள். அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். இந்தத் திருடன் உடைக்கிறதுக்கு முன்னாடி சோபாவைச் சுவரோரம் தள்ளியிருக்கான். நல்ல ஜமக்காளம் கிழிந்துவிடக் கூடாது என்று சுருட்டி வைத்திருக்கான். கீழே நின்றுகொண்டு, தேங்காய் பறிக்கிற தொரட்டி மாதிரி எதையோ வைத்து மேலே குத்தியிருக்கான். அப்புறம் பிடிபட்ட ஆளுக்கு நெய் விட்டுச் சாப்பாடு அனுப்புகிறான்.

"நெம்ப மரியாதையான திருடனுங்க மேடம்."

"அதான் விஷயமே," என்றாள் வரலட்சுமி. "மரியாதைக்காகவே நடந்த திருட்டு."

அவர்கள் பீளமேட்டுக்குத் திரும்பியபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. போர்டிகோவில் பொங்கியண்ணனின் கார் நின்றது. ஹாலில் அவர் ஏணி போட்டு ஏறி, டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். கீழே காளிச்சாமி கைகட்டி நின்றார். உடைந்ததை எடுத்துவிட்டு முழுசாகப் புதுசு போட்டுத் தருவதாகச் சம்பந்தி சொல்லியிருக்கிறார். எதுக்குங்க உங்களுக்குச் சிரமம் என்று காளிச்சாமி சொல்ல, இதுல என்னங்க சிரமம் என்று அவர் சொல்ல, இருவரும் மாற்றி மாற்றி அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வரலட்சுமியையும் மேஸ்திரியையும் பார்த்த பொங்கியண்ணன் ஏணியிலேயே நின்றுவிட்டார்.

வரலட்சுமி அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். தெய்வாத்தாள் ஒரு கேரியரில் சாதம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ரசாக் வாசற்படியிலேயே நின்றுகொண்டான்.

"ராத்திரிச் சாப்பாடு வேண்டாமுங்க," என்றாள் வரலட்சுமி மெதுவாக. "அப்புசாமி ஊட்டுக்குப் போய்ச் சாப்பிடட்டும்."

தெய்வாத்தாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிடிபட்டதில் அவளுக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. அரிசி டிரம்மைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, காசுமாலையை எடுத்து மேடைமேல் வைத்தாள். காசுகளிலிருந்து அரிசி உதிர்ந்தது.

அப்புறம் சொன்னாள். ஒவ்வொரு மழைக்கும் ஹாலில் மூன்று அண்டா வைக்க வேண்டும். ஆள் வந்தால் ஓடிப்போய் எடுத்து ஒளிக்க வேண்டும். வெயில் காலத்தில் அந்தக் கண்ணாடிக்குக் கீழே யாரும் உட்கார முடியாது. காற்று வேண்டுமென்றால் கார் ஷெட்டில்தான் போய் உட்காருவார்கள். ஆனால் சம்பந்தி ஆசையாகச் செய்து கொடுத்தது. ஒழுகுதுங்க என்று எப்படிச் சொல்வது? பொண்ணு அந்த வீட்டில் வாழ்கிறாள். போனில் அவளிடம் ஜாடையாகச் சொன்னதற்கு, அம்மா நீ ஒண்ணும் சொல்லிப்போடாதே என்றாள். காளிச்சாமியோ ஊரெல்லாம் ஒரு சொட்டு இறங்காது என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"திருடன் ஒடச்சுபோட்டான்னா, பயமா இருக்குதுன்னு சொல்லி மேல காங்கிரீட்டு போட்டு மூடிப்போடலாமுன்னு நெனச்சனுங்க. யாரையும் கொறை சொல்ல வேண்டியதில்லை பாருங்க. ஞாயித்துக்கெழமை பஸ் ஏறுறதுக்கு முந்தி தொரட்டியில குத்திப்போட்டேன். திருடன்னா ஏதாச்சும் எடுத்துட்டுப் போகோணுமேன்னுதான் மாலைய எடுத்து ஒளிச்சேன். போலீசு ஒருத்தனைப் புடிச்சுட்டுப் போகுமுன்னு எனக்குத் தோணவே இல்லீங்க."

காளிச்சாமி காலையில் வந்தவுடன் போனை எடுத்துவிட்டார். அவள் வாய் திறப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. அதற்கப்புறம் சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, இரண்டு வேளை சமைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. உடைந்த சட்டத்தின் வழியாகத் தண்ணீர் ஹாலில் தாரையாக இறங்கியது. சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நின்று, அதைப் பார்க்காதது மாதிரி மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தெய்வாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். மாலையை டீப்பாய்மேல் வைத்தாள். வரலட்சுமி அவளுக்குப் பக்கத்தில் நின்றாளே தவிர, பேச்சை எடுத்துக் கொடுக்கவில்லை.

"அப்புசாமி திருடலீங்க," என்றாள் தெய்வாத்தாள். "கண்ணாடிய நாந்தான் ஒடச்சேன். வேற வேண்டாமுங்க சம்பந்தி. அது ஒழுகுதுங்க."

காளிச்சாமி தரையைப் பார்த்தார். பொங்கியண்ணன் டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போடப் போட அது நழுவி நழுவி வெளியே வந்தது.

"உங்க ஊட்டுக்காரர்தானுங்க சொன்னாரு," என்றார் கடைசியில். "நல்லதாப் போடலாமுன்னு நான் சொன்னதுக்கு, உங்களுக்கு எதுக்குங்க அத்தனை செலவு, சாதாரணமா இருந்தாப் போதுமுன்னாரு. சம்பந்தி சொல்லை மீறக் கூடாதுன்னு சாதாரணமாவே போட்டுபோட்டேன். உங்களுதை விட ஒசத்தியா இருக்கக் கூடாதுன்னு எங்க ஊட்டுலயும் அதே கண்ணாடிதான். அங்கயும் ஒழுகுது." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க பொண்ணுதான் மழை வந்தா ஓடிவந்து அண்டா வெக்குது. இந்த ஒரு வருசத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க."

தெய்வாத்தாள் அதுவரை அழவில்லை. இப்போது அழுதாள்.

காளிச்சாமி மட்டும், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவ்வளவாக ஒழுகவில்லை என்று ஏதோ ஆரம்பித்தார். யாரும் காது கொடுக்காததால் பாதியில் விட்டுவிட்டு, போய் ஓர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். சம்பந்தி முன்னாலேயே அதைத் தண்ணீருக்கு நேராக வைத்தார். அந்த வீட்டில் அதுவரை நடந்ததிலேயே அதுதான் பெரிய துணிச்சல் என்று ரசாக்குக்குப் பட்டது.

ஸ்டேஷனுக்குத் தெய்வாத்தாளே வந்தாள். காளிச்சாமி புகாரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். போலீசை அலைக்கழித்ததற்கு என்னென்ன செய்ய முடியும் என்று எஸ்.ஐ. கால் மணி நேரம் விளக்கினார். பிறகு காசுமாலையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்கச் சொன்னார். அப்புசாமி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். வலது கன்னம் வீங்கியிருந்தது. அதை வரலட்சுமியும் பார்த்தாள், ரசாக்கும் பார்த்தான். நெய்ச்சாதத்தை அவன் ஏன் வைத்துக்கொண்டு விழித்தான் என்று ரசாக்குக்கு அப்போதுதான் புரிந்தது. அவனால் மெல்ல முடியவில்லை.

தெய்வாத்தாள் பழனியாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். தப்பு என்னுதுதான் கண்ணு, நான் அன்னைக்கே சொல்லியிருக்கோணும், மனசுல வெச்சுக்காதே என்றாள். அவன் வேலைக்குப் போகாத நாளுக்கும் சேர்த்து என்ன வேண்டுமோ செய்கிறோம் என்றார் காளிச்சாமி பின்னாலிருந்து. பொங்கியண்ணன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். மூன்று பேரும் பழனியாத்தாளின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் சொல்ல வேண்டிய வார்த்தை எது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பழனியாத்தாள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, புருஷனின் தோளைப் பிடித்தாள்.

"பரவாயில்லீங்கன்னு சொல்ல வாய் வருதுங்க," என்றாள். "ஆனா சொல்ல மாட்டனுங்க."

இருவரும் மழையில் இறங்கி பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்கள். ரசாக் தன் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.